ஒன்பதாம் நம்பர் நூலும் ஒரு நாள் சோறும்



கொஞ்சம் நீளமான பதிவு. தூண்டில் போடுகிற தம்பிமார் கடைசி வரை வாசியுங்கள். தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர்களும் வாசிக்கலாம். விஷயம் நம்மட ஆற்றைப் பற்றியதும்தான்.

இங்கிலாந்தில் இருக்கிற என் மச்சான் பெருநாளைக்கு ஊருக்கு வந்திருந்தார். வரும்போது ஒரு ஃப்ளை ரொட்டும் ரீலும் கொண்டு வந்தார். அங்கே குளங்களில் பைக் என்கிற மீன் பிடிக்கப் பாவித்தது. ரொட்டின் அடிப்பக்கம் 9 என்று எழுதியிருந்தது. அதைப் படம் எடுத்து நம்மட பொடியன்களின் வட்ஸ்அப் குழுமத்தில் போட்டேன். அவ்வளவுதான், இரவு முழுக்கச் சண்டை.

"9 எல்.பி.யா சேர்? அதில கொடுவா எப்படி நிக்கும்?" என்று ஒருவர். "நம்மட ஆத்துக்கு 80க்குக் குறைஞ்சு போகவே கூடா" என்று இன்னொருவர். "கெட்டிக்காரன் 6 எல்.பி.யிலயே எடுப்பான், மத்தவனுக்குத்தான் 80 வேணும்" என்று மூன்றாமவர். கடைசியில் ஒரு தம்பி, "சேர், நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே, நீங்களே சொல்லுங்க, எந்த நூல் சரி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நூலை நாம் கனவு காணும் மீனின் பருமனுக்கு எடுக்கக் கூடாது. எறியப் போகும் இரையின் பாரத்துக்கும், எறியப் போகும் இடத்துக்கும், பட்ட மீனை எவ்வளவு சீக்கிரம் கைக்குக் கொண்டு வரலாம் என்பதற்கும்தான் எடுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிய மெல்லிசும் பிழை, அளவுக்கு மிஞ்சிய தடிப்பும் பிழை. இரண்டாலும் நட்டப்படுவது நாம் மட்டுமல்ல.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வெட்கப்பட்டுப் படித்தேன்.

கொஞ்ச நாளைக்கு முந்தி நானும் "மெல்லிசுதான் கெட்டித்தனம்" கட்சியில் இருந்தேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து 10 எல்.பி. பிரெய்ட் நூலை ரீலில் சுற்றினேன். முனையில் 12 எல்.பி. தங்கூசி லீடர். ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கண்டல் ஓரமாக லூரை எறிந்தேன். மூன்றாவது எறிதலில் பட்டது. தண்ணீரை உடைத்துக்கொண்டு எழும்பித் தலையை உதறியது. நல்ல கொடுவா. கை நடுங்கியது எனக்கு. இரண்டாவது முறை எழும்பியது. பிறகு நேரே கண்டல் வேருக்குள் ஓடியது. "டிக்" என்று ஒரு சத்தம். நூல் லேசாகிவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் ஆசிரியர் அறையில் இதே கதைதான். அறுத்துக்கொண்டு போன மீன் ஒவ்வொரு இடைவேளைக்கும் ஒரு கிலோ கூடியது.

மூன்றாம் நாள் காலை பாடசாலைக்குப் போகும்போது தோணித்துறையில் ஒரு காக்கா என்னை மறித்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதிலிருந்தே ஆற்றில் தொழில் செய்பவர். கையில் என்னுடைய லூர்.

"சேர், இது உங்கடதானே?"

"ஓம் காக்கா, எங்க கெடந்திச்சு?"

"கண்டலுக்குள்ள. மீனோட கெடந்திச்சு. நூல் வேரில சுத்தி, மீன் ஓட ஏலாம அதிலயே மௌத்தாகிட்டு. நண்டு அரைவாசி தின்னுட்டு. அஞ்சு கிலோக்கு மேல வரும் சேர்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. லூரை என் கையில் வைத்துவிட்டு, "அது எங்கட ஊட்டுக்கு ஒரு நாள் சோறு சேர்" என்றார். பிறகு தோணியில் இருந்த வலையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

ஒரு நாள் சோறு என்று அவர் குறைத்துத்தான் சொன்னார். அந்த அளவு கொடுவா இன்று என்ன விலைக்குப் போகும் என்று மீன் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். நான் அதை விளையாட்டுக்கு இழுத்து, தின்னவும் இல்லாமல், விற்கவும் இல்லாமல், உயிரோடு விடவும் இல்லாமல் நண்டுக்குக் கொடுத்திருக்கிறேன். பிழை மீனிலும் இல்லை, ஆற்றிலும் இல்லை. ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் நான் எடுத்த நூலில் இருந்தது.

அன்றிலிருந்துதான் இந்த நம்பர்களை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் எல்.பி. என்றால் என்ன என்று பார்ப்போம். அது நம்மட பழைய றாத்தல்தான். ஒரு றாத்தல் பாண் கிட்டத்தட்ட 450 கிராம். ஆகவே 20 எல்.பி. நூல் என்றால் 9 கிலோ இழுவை வரை தாங்கும் என்று அர்த்தம். ஆனால் 9 கிலோ மீனுக்கு 20 எல்.பி. என்று கணக்குப் போடாதீர்கள். தண்ணீருக்குள் மீனுக்குப் பாரம் இல்லாத மாதிரித்தான். மிதப்புப் பற்றி எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படித்ததை ஞாபகப்படுத்துங்கள். நூலில் வருவது மீனின் நிறையல்ல, அது ஓடும்போது இழுக்கிற இழுவை. அந்த இழுவையைப் பிடித்து விட்டுக் கொடுப்பது ரீலில் இருக்கிற ட்ராக். அதனால் ட்ராக் சரியாக இருந்தால் 9 கிலோ தாங்கும் நூலில் அதைவிடப் பெரிய மீனையும் எடுக்கலாம். ட்ராக்கை இறுக்கிப் பூட்டி வைத்தால் மூன்று கிலோ மீனும் அறுக்கும்.

ட்ராக்கை எவ்வளவுக்கு வைப்பது? நூல் தாங்கும் பாரத்தில் கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில். 20 எல்.பி. நூலுக்கு இரண்டேகால் கிலோவிலிருந்து மூன்று கிலோ. மதிப்பாகக் கையால் இழுத்துப் பார்த்து வைக்காதீர்கள். வீட்டில் தொங்கவிடும் தராசு இருந்தால் நூலின் நுனியை அதில் கட்டி, ரொட்டை வளைத்து இழுத்துப் பாருங்கள். எத்தனை கிலோவில் ரீல் நூலை விடுகிறது என்று தெரியும். இரண்டு நிமிட வேலை. நானும் அந்த வெட்கத்துக்குப் பிறகுதான் முதன்முதலில் செய்து பார்த்தேன். என் ரீல் ஐந்து கிலோவுக்குத்தான் விட்டது. நூல் தாங்குவதோ நாலரைக் கிலோ. அதிலும் முடிச்சு ஒழுங்காகக் கட்டாவிட்டால் நூலின் பலத்தில் பாதி வரை போய்விடும். அது அறுபடாமல் இருந்தால்தான் அதிசயம்.

இரண்டாவது விஷயம் தடிப்பு. நூலின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் வெட்டுமுகப் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே 0.30 மில்லிமீற்றர் தங்கூசிக்கும் 0.60 தங்கூசிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பிரெய்ட் வேறு சாதி. பல மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது. ஒரே பலத்துக்கு அது தங்கூசியில் பாதித் தடிப்புத்தான். இழுபடாது, தூரம் போகும். ஆனால் உரசலுக்கு ஆகாது. சிப்பி ஒட்டிய பாலத் தூணிலோ வேரிலோ ஒரு தரம் தேய்ந்தால் முடிந்தது. அதனால்தான் முனையில் தடித்த தங்கூசி லீடர் கட்டுகிறோம்.

கொடுவாவுக்கு லீடர் இன்னும் கட்டாயம். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி. மீன் வெட்டும்போது கை கிழிபட்ட தாய்மாருக்கு இது தெரியும். வாய் ஓரமும் சொரசொரப்பு. எழும்பித் தலையை உதறும்போது மெல்லிய நூல் அதில் படாமல் தப்புவது அதிர்ஷ்டம் மட்டுமே.

இப்போது மச்சானின் ஒன்பதாம் நம்பருக்கு வருவோம். ஏனென்றால் நம்மட பொடியன்கள் பிழைவிட்ட இடமும் அதுதான், நான் நல்ல பாடம் ஒன்று படித்த இடமும் அதுதான்.

அந்த 9 என்பது 9 எல்.பி. அல்ல. அது பலத்தின் கணக்கே இல்லை. அது பாரத்தின் கணக்கு.

நாம் லூர் எறியும்போது லூருக்குப் பாரம் இருக்கிறது. அது பறந்து போய் நூலைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் மயிரும் பளபளப்பான இழையும் கட்டிச் செய்த பொய் இரை. அதற்குப் பாரமே இல்லை. கல்லை எறியலாம், கோழி இறகை எறிய ஏலுமா? அதனால் அவர்கள் நூலுக்கே பாரம் வைத்துச் செய்கிறார்கள். ஃப்ளை லைன் மெல்லிய தங்கூசி மாதிரி இல்லை. மேலே பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய மெதுவான கயிறு மாதிரி இருக்கும். அதைத் தலைக்கு மேலால் சாட்டை வீசுவது போல முன்னும் பின்னும் வீசி விட, நூலின் பாரம் இறகைத் தூக்கிக்கொண்டு போகும்.

அந்த நூலின் முதல் 30 அடி, அதாவது சுமார் 9 மீற்றர், எவ்வளவு நிறை என்பதை வைத்துத்தான் நம்பர் கொடுக்கிறார்கள். ஐந்தாம் நம்பருக்கு 140 கிரெய்ன், நம்ம கணக்கில் 9 கிராம். எட்டாம் நம்பருக்கு 210 கிரெய்ன், பதின்மூன்றரைக் கிராம். ஒன்பதுக்கு 240, பதினைந்தரைக் கிராம். பத்துக்கு 280, கிட்டத்தட்ட 18 கிராம். ரொட்டில் எழுதியிருக்கும் நம்பரும் நூலின் நம்பரும் பொருந்த வேண்டும்.

"அப்ப பைக் மீனுக்கு ஏன் மச்சான் ஒம்பது? அந்த மீன் அவ்வளவு பெரிசா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "மீனுக்காக இல்ல மச்சான். ஃப்ளைக்காக."

பைக் என்பது பதுங்கிப் பாயும் மீன். நீண்ட உடம்பு, தாராவின் சொண்டு மாதிரி வாய், வாய் நிறையப் பல். புல்லுக்குள் அசையாமல் நின்று, கிட்ட வரும் மீனை ஒரே பாய்ச்சலில் கவ்வும். அதற்குக் காட்டும் ஃப்ளை ஒரு சாண் நீளம் வரை இருக்கும். நனைந்தால் நனைந்த துணி மாதிரி. எதிர்க்காற்று வேறு. ஐந்தாம் நம்பர் நூலின் 9 கிராம் அதைத் தூக்கிக்கொண்டு போகாது. பாதி வழியில் விழும், அல்லது திரும்பி வந்து எறிகிறவரின் காதிலேயே கொக்கி மாட்டும். அதனால் சின்ன ஃப்ளைக்கு எட்டு, பெரிய ஃப்ளைக்கு ஒன்பது, இன்னும் பெரிசுக்கும் காற்றுக்கும் பத்து. பெரும்பாலான பைக் மீன்காரர்கள் நிற்பது இந்த மூன்று நம்பருக்குள்தான். பல்லுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. ஃப்ளைக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்டுவார்கள். அது இல்லாமல் பைக் மீனுக்கு எறிவதை அங்கே பாவம் மாதிரிப் பார்ப்பார்களாம். அறுத்துக்கொண்டு போன மீன் வாயில் கொக்கியோடு சுற்றும் என்பதால்.

அவர் சொன்ன இரண்டாவது காரணம்தான் எனக்குக் குத்தியது. பாரமான நூலுக்குரிய ரொட்டில் முதுகெலும்பு இருக்கிறது. மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டு வரலாம். மெல்லிய ரொட்டில் "விளையாட்டுக் காட்டி" இருபது நிமிஷம் இழுபறிப்பட்டால் மீன் முற்றாகக் களைத்துவிடும். ஓடி ஓடித் தசையில் லக்ரிக் அமிலம் சேரும். நாம் மைதானத்தில் ஓடிக் களைத்தால் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். கொக்கியில் இருக்கும் மீனுக்கு அந்த வசதி இல்லை. அதைத் திரும்ப விட்டாலும் அசைந்துகொண்டு போகும், பிறகு எங்கேயோ செத்துப் போகும். நீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம், சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரைந்திருக்கும். அதனால் கோடைச் சூட்டில் பைக் மீனுக்குத் தூண்டில் போடுவதையே பலர் நிறுத்திவிடுவார்களாம்.

அங்கே சட்டமும் இருக்கிறது. இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆறுகளில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒரேயொரு பைக் மீன்தான் எடுக்கலாம், அதுவும் 65 சென்ரிமீற்றருக்கு மேற்படாததாக. பெரியதை விட்டுவிட வேண்டும். காரணம், பெரிய பைக் மீன்கள் பெரும்பாலும் பெண். முட்டை போடுகிற தாய்கள்.

நம்மட கொடுவாவின் கதை இதைவிட ஆச்சரியம். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. சில வருடம் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிசான பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே நாம் பிடித்துத் தூக்கிப் படம் எடுக்கிற மிகப் பெரிய கொடுவா கிட்டத்தட்ட எப்போதும் ஒரு தாய். அது முகத்துவாரத்துப் பக்கம் உப்புத் தண்ணீருக்குப் போய் இலட்சக்கணக்கில் முட்டை போட வேண்டியது. கண்டலுக்குள் நான் கொன்றது அப்படி ஒன்றாகவும் இருந்திருக்கலாம்.

சரி, "அப்ப 80 எல்.பி. போட்டா எல்லாம் சரிதானே சேர்?" என்று கேட்பீர்கள். இல்லை தம்பிமாரே. அதுவும் பிழைதான்.

80 எல்.பி. நூலில் 10 கிராம் லூர் தூரம் போகாது. தூரம் போகாததால் இன்னும் பாரமான லூர் வாங்குவீர்கள். அதற்கு இன்னும் தடித்த ரொட். கடைக்காரருக்குச் சந்தோஷம். மீன் பட்டால் நூல் அறுக்காது, கொக்கி நிமிரும் அல்லது ரொட் முறியும். எல்லாவற்றையும் விட, வேரில் மாட்டினால் இழுத்து அறுக்க ஏலாது. அப்போது என்ன செய்வீர்கள்? நின்ற இடத்திலேயே கத்தியால் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். முப்பது நாற்பது மீற்றர் நூல் ஆற்றுக்குள் கிடக்கும். நூலைக் கையில் சுற்றி இழுத்து விரல் வெட்டுப்பட்ட தம்பி ஒருவரைப் போன மாதம்தான் தையல் போடக் கூட்டிக்கொண்டு போனோம். பிரெய்ட் நூல் இறைச்சி வெட்டும் கத்தியைவிடச் சுத்தமாக வெட்டும். தயவுசெய்து அதைக் கையில் சுற்றாதீர்கள்.

"தடிச்ச நூல மீன் கண்டுடும்" என்றும் ஒரு கட்சி இருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு, தெளிந்த தண்ணீரில். நம்மட ஆறு வருடத்தில் பல மாதம் கலங்கித்தான் கிடக்கிறது. கலங்கிய தண்ணீரில், அதுவும் மஃரிபு நேரத்தில், 40 எல்.பி. லீடரைப் பார்த்துத் திரும்பிப் போகிற கொடுவாவை நான் இன்னும் காணவில்லை.

ஆகவே இப்போது நான் பாவிப்பதைச் சொல்கிறேன். வேதவாக்கு அல்ல, பிழை இருந்தால் திருத்துங்கள்.

கண்டல் ஓரத்தில் 10 முதல் 25 கிராம் வரையான லூருக்கு: 20 அல்லது 30 எல்.பி. பிரெய்ட். முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு 40 எல்.பி. தங்கூசி லீடர். வேர் நெருக்கமான இடமென்றால் 30ஐ எடுங்கள், வெளியான இடமென்றால் 20 போதும்.

உயிர் இறால் குத்திக் கைத்தூண்டில் போடுகிறவர்களுக்கு: தடித்த தங்கூசி. இங்கே மெல்லிசு எடுத்தால் மீனுக்கு முன் உங்கள் கை வெட்டுப்படும். நம்மட வாப்பாமார் தடித்த தங்கூசி பாவித்தது தெரியாமல் அல்ல.

குளத்தில் திலாப்பியாவுக்கு: 6 அல்லது 8 எல்.பி. தங்கூசி தாராளம். அங்கே 40 எல்.பி. கொண்டு போய் நிற்பது சைக்கிள் கடைக்கு லொறி ஜக் கொண்டு போவது மாதிரி.

பாலத்துக்கு மேல் நின்று போடுகிறவர்களுக்கு ஒரு விசேஷ வேண்டுகோள். தண்ணீரை விட்டு மீன் வெளியே வந்த அடுத்த நொடி அதன் முழுப் பாரமும் நூலில். துடிப்பு வேறு. அங்கேதான் அதிகம் அறுபடுகிறது. கொக்கி வாயில், நூல் ஒரு முழம் தொங்கிக்கொண்டு மீன் போய்விடுகிறது. நூலை இன்னும் தடிப்பாக்குவதை விட, கயிற்றில் கட்டி இறக்கும் வளைய வலை ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பாலத்தடியில் வையுங்கள்.

இன்னொரு விஷயம். தங்கூசி வலை நம் நாட்டில் சட்டப்படி தடை. ஏன் தடை? அது தண்ணீருக்குள் தெரியாது, மக்காது, கைவிடப்பட்டு வருடக்கணக்கானாலும் மீனையும் நண்டையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். தூண்டில் தங்கூசிக்குத் தடை இல்லை. ஆனால் நாம் வெட்டி விட்டுவிட்டு வருகிற நாற்பது மீற்றரும் அதே சாமான்தானே? அதில் காலைச் சுற்றிக்கொண்டு கண்டலில் தலைகீழாகத் தொங்கிய நீர்க்காகம் ஒன்றை என் வகுப்புப் பிள்ளைகளே கண்டார்கள். தோணி எஞ்சின் விசிறியில் சுற்றி, நடு ஆற்றில் நின்று, கத்தியால் சுரண்டி எடுக்கிற தொழிலாளிகளிடம் கேட்டுப் பாருங்கள், நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று.

சிலர் கேட்கலாம், "இது ஒரு பொழுதுபோக்கு, இதுக்குள்ள ஏன் சேர் இவ்வளவு?" என்று. மீன் அல்லாஹ் நமக்கு அறுக்காமலே ஹலாலாக்கித் தந்த உணவு. உண்பதற்குப் பிடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உயிருள்ள ஒன்றை வெறும் விளையாட்டுக்கு வதைப்பதும், உணவை வீணாக்குவதும் மார்க்கத்தில் இடமில்லாதவை என்று நாம்தான் குர்ஆன் மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது வகுப்பறைக்குள் மட்டும் நிற்கக் கூடாது. தூண்டிலை எறிவதற்கு முன்பே ஒரு முடிவு எடுங்கள். வீட்டுக்குக் கொண்டு போகவா? சீக்கிரம் எடுத்து, சீக்கிரம் முடித்துவிடுங்கள். திரும்ப விடவா? இன்னும் சீக்கிரம் எடுத்து, தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றி விடுங்கள். இரண்டுக்கும் தேவை அளவான நூல். "எவ்வளவு நேரம் போராடினேன்" என்பது பெருமை அல்ல. அந்த நேரம் முழுக்கப் போராடியது மீன்.

லூரைத் திருப்பித் தந்த அந்தக் காக்காவிடம் ஒரு கிழமை கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒரே சிரிப்பு. "ஆத்தில போனது ஆத்துக்கு சேர், அதுக்கேன் மன்னிப்பு?" என்றார். பிறகு என் ரீலை வாங்கி, நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். ஐம்பது வருடம் தங்கூசி பிடித்த விரல். "இது வெளி ஆத்துக்குச் சரி. கண்டலுக்குள்ள எறியிறதெண்டா எடம் பாத்து எடுக்கணும் சேர். மீன் எல்லா எடத்திலயும் ஒரே மீன்தான். எடம்தான் வேற" என்றார்.

மச்சான் பதினைந்தரைக் கிராம், 240 கிரெய்ன் என்று கணக்குச் சொன்னார். இவர் விரலால் உருட்டிச் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம். மீனைப் பார்த்து ஆசைப்படாதே, வேலையைப் பார்த்து நூல் எடு.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, குழுமத்தில் இனிமேல் மீன் படம் போடும்போது எத்தனை கிலோ என்பதோடு எந்த நூல், எந்த லீடர், எந்த இடம் என்பதையும் எழுதுங்கள். அறுபட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் என்னுடையதை எழுதிவிட்டேன். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு அதுதான் பாடம்.

இரண்டு, என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய ஐந்து லீற்றர் கேன் ஒன்றில் ஓட்டை போட்டு, "பழைய நூலை இதற்குள் போடுங்கள்" என்று எழுதிப் பாலத்தடியில் கட்டியிருக்கிறார்கள். சின்ன வேலைதான். முதல் கிழமையே பாதி நிரம்பிவிட்டது என்று ஓடி வந்து சொன்னார்கள். சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதை உதைத்து விளையாடாமல் பாவியுங்கள். நிரம்பினால் எனக்குச் சொல்லுங்கள், வந்து எடுக்கிறேன்.

மச்சானின் ரொட் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது, போகும்போது விட்டுவிட்டுப் போய்விட்டார். கொடுவாவுக்கும் எட்டிலிருந்து பத்து வரையான நம்பர்தான் சரி என்கிறார். இன்னும் நான் ஒழுங்காக எறியப் பழகவில்லை, இரண்டு தரம் என் தொப்பியில்தான் மாட்டியது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆற்றங்கரையில் நிற்பேன். விரும்பியவர்கள் வாருங்கள். தராசும் கொண்டு வருகிறேன், எல்லோருடைய ரீலையும் இழுத்துப் பார்ப்போம்.